முழங்கை ஆழக் குழி

போன அக்டோபரில் எங்கள் கடலோர ஊர் இன்வர்கெல்லியில் ஒரு வதந்தி, திங்கட்கிழமை காலை மீன் ஏலத்தில் ஐந்து பவுண்டாகப் பிறந்தது. மதியம் ஜாபின் சவரக்கடைக்குள் நுழையும்போது அதற்குப் பத்துப் பவுண்டு. புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து ஜனங்கள் படியிறங்கிய நேரத்தில் இருபது பவுண்டாக வளர்ந்து, தலையில் தொப்பி வைத்துக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் தெருவில் நடமாடத் தொடங்கிவிட்டது.

நினியன் டோவி ஆட்டத்தை விற்றுவிட்டார் என்பதுதான் வதந்தி. படகேறி ஆட வந்த எதிர்க்கரைக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை நடந்த கோல்ஃப் பந்தயத்தின் கடைசிக் குழியில், இரண்டடி தூரத்தில் கிடந்த பந்தை வேண்டுமென்றே வெளியே தள்ளினாராம்.

நான் இந்த ஊர் வாரப் பத்திரிகையில் நாலாம் பக்கம் எழுதுகிறவன். உண்மையைத் தேடிப் போவது என் வழக்கமல்ல; அது முதல் பக்கத்துக்காரரின் வேலை, அவரும் போவதில்லை. ஆனால் பால்கெய்ரி பண்ணையார் அந்தப் பந்தயத்தில் நூறு பவுண்டு தோற்றிருந்தார். வரும் சனிக்கிழமை மன்றத்தின் கமிட்டி கூடும் என்றும், விற்றது உண்மையானால் டோவி அன்றைக்கே வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கடைசிக் குழிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு அறை வீடு, புல்வெளிக் காவலர் வேலையோடு ஒட்டிக்கொண்டது. வேலை போனால் வீடு போகும். பன்னிரண்டு வருஷமாக நினியனும் மனைவி எப்பியும் அங்கேதான் இருந்தார்கள். போக வேறு இடம் கிடையாது.

வியாழக்கிழமை காலை முதலில் ஜாபிடம் போனேன்.

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. மூப்பர் கில்ரூத்தே சொன்னாராம்."

"நீ பணத்தப் பாத்தியா?"

"பணத்த எதுக்குப் பாக்கணும்? அவன் மூஞ்சியப் பாத்தேன். தோத்தவன் சிரிப்பானாய்யா? தொப்பியத் தூக்கி, பல்லக் காட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரிச்சான். அதோட விட்டானா, கிடந்த பந்தத் தன் குதிகாலாலயே ஒதைச்சான். திருடன்கூட கொஞ்சம் மறைச்சுதான் செய்வான். தலையத் தூக்காதீங்க, காது போயிடும்."

காதைக் காப்பாற்றிக்கொண்டு கில்ரூத்திடம் போனேன். அவர் சபையில் மூப்பர். வாரத்தின் மற்ற ஆறு நாளும் சாராயக்கடை முதலாளி.

"நான் யார்கிட்டயும் சொல்லலியே," என்றார். "ஜெபத்துல மட்டும்தான் சொன்னேன். அதுவும் பேர் சொல்லாம. 'ஆண்டவரே, கடலோரப் புல்வெளில குடியிருக்கிற அந்தப் பாவிக்கு இரங்கும்'னேன்."

"கடலோரப் புல்வெளில குடியிருக்கிறது ஒரே குடும்பந்தானே, மூப்பரே?"

"அது ஆண்டவருக்குத் தெரியும்."

ஆண்டவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். ஜாப் கடையில் கேட்டதாகச் சொன்னார். வட்டம் முடிந்தது. பணத்தைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. சிரிப்பைக் கண்டவர்கள் நானூறு பேர்.

இனி, சிரித்தவரைப் பற்றி.

நினியன் 1829-இல் ஒரு கைத்தறிக்காரருக்கு ஏழாவதாகப் பிறந்தார். அப்பா நெய்த துணியில் பாதியைச் சாராயமாகக் குடித்து, ஒரு குளிர்காலத்தில் துறைமுகப் படியிலேயே உறைந்து செத்தார். அதனால் நினியன் வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டும் தொட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வயதில் பந்துப் பட்டறைக்கு அனுப்பினார்கள். அப்போதெல்லாம் கோல்ஃப் பந்து என்றால் தோல் உறைக்குள் வாத்து இறகு. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு. வேகவைத்து, இரும்புக் கம்பியை நெஞ்சில் முட்டுக்கொடுத்து உள்ளே திணிக்கவேண்டும். ஒரு நாளைக்கு நாலு பந்து செய்தால் சாமர்த்தியம். பட்டறை முதலாளி இறகுத் தூசியை இருபது வருஷம் சுவாசித்து, இருமி இருமி நாற்பத்திரண்டில் போய்ச் சேர்ந்தார். "அவர் இருமினா வாயிலேர்ந்து வாத்து பறக்கும்னு பாத்துட்டே இருப்பேன்," என்று நினியன் ஒருமுறை என்னிடம் சொன்னார். அவருக்குப் பத்தொன்பது வயதானபோது மரப்பால் பந்து வந்தது. இறகும் போயிற்று, இருமலும் போயிற்று, பட்டறையும் போயிற்று.

அதன்பின் காசுக்கு ஆடினார். இதைக் கேட்டு இங்கே யாரும் தொப்பியைக் கழற்றுவதில்லை. கனவான்கள் பொழுதுபோக்காக ஆடினால் அது விளையாட்டு. அதையே ஒருவன் வயிற்றுக்காக ஆடினால் அவனைச் சோம்பேறி என்று சபைப் பதிவேட்டில் எழுதுவார்கள். இரண்டு பண்ணையார்கள் நூறு நூறு பவுண்டு கட்டுவார்கள். இவர் ஒருவர் பக்கம் ஆடுவார். ஜெயித்தால் ஐந்து பவுண்டு. தோற்றால் தோளில் ஒரு தட்டு. பந்தயக் குதிரைக்குக் கிடைக்கும் எல்லா மரியாதையும் அவருக்கும் கிடைத்தது. லாயம் மட்டும் சற்றுச் சிறியது. மன்றக் கட்டடத்தின் முன்வாசல் வழியாக அவர் நுழைந்ததே இல்லை. சம்பளத்தைக்கூட ஜன்னல் வழியாகத்தான் நீட்டுவார்கள்.

ஆனால் ஆட்டம்! காற்று எதிர்த்தடிக்கும் நாளில், பந்தைத் தரையோடு தரையாக விட்டு, மேட்டைத் தாண்டியதும் எழுப்புவார். முப்பத்தொரு பந்தயம் ஆடி இருபத்துநாலு ஜெயித்தார். முப்பத்து மூன்று வயதில் புல்வெளிக் காவலர் ஆனார். புல் வெட்டுவது, முயல் விரட்டுவது, குழி வெட்டுவது, கனவான்களின் மட்டை உடைந்தால் ஒட்டுவது எல்லாம் சேர்த்து வருஷத்துக்குப் பன்னிரண்டு பவுண்டு. அவருக்கு முன்னால் இருந்த காவலர் காலை ஒடித்துக்கொண்டார். மறுவாரமே அவருடைய கட்டிலைத் தெருவில் போட்டார்கள். அதே அறையில் நினியன் தன் கட்டிலைப் போட்டார்.

குழிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே ஒரு குழியை ஆடி முடித்ததும், அதற்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை மணல் எடுத்து, அதையே சின்ன மேடாகப் பிடித்து, அதன்மேல் பந்தை வைத்து அடுத்த குழிக்கு அடிப்போம். என் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். ஆளுக்கு ஒரு சிட்டிகை. யாருக்கும் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் நூறு பேர் எடுத்தால் குழி ஆழமாகும். வாய் அப்படியே இருக்கும், வயிறு மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போகும். அதனால் காவலர் சில வாரத்துக்கு ஒருமுறை பழையதை மூடிவிட்டு வேறிடத்தில் புதிது வெட்டவேண்டும்.

நினியன் இரண்டு வருஷமாகப் புதிது வெட்டவில்லை. ஒன்பது குழியும் முழங்கை ஆழம். பந்தை எடுக்கக் கனவான்கள் வயிற்றைத் தரையில் வைத்துப் படுக்கவேண்டியிருந்தது. "நேத்து ரெண்டாம் குழில கைய விட்டேன்," என்றார் டாக்டர். "உள்ள யாரோ கைகுலுக்கினாங்க." எல்லோரும் சிரித்தோம். நினியன் சிரிக்கவில்லை. "குழி பழகட்டும், ஐயா," என்று மட்டும் சொன்னார். சோம்பேறித்தனம் என்று கமிட்டி குறித்துவைத்தது.

ஏழாம் குழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கடல் கரையை அரிக்கும் மேட்டில் இருக்கிறது. குளிர்காலந்தோறும் ஒரு கஜம் போகும். மேலே புல் தொங்கிக்கொண்டிருக்கும். அடியில் மண் இருக்காது.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு எதிர்க்கரைக்காரர்கள் படகில் வந்து இறங்கினார்கள். அவர்கள் ஆள் ஸ்வான்ஸ்டன் முதல் குழியைக் குனிந்து பார்த்தான்.

"இது குழியா, கிணறா? எங்க ஊர்ல இதுல வாளி விடுவோம்."

புதுக்குழி வெட்டினால்தான் ஆடுவோம் என்றார்கள். நியாயம்தானே என்றார் பண்ணையார். நினியன் முதலில் முடியாது என்றார். காரணம் கேட்டபோது சொல்லவில்லை. அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒன்பதும் புதிதாக, விரல் நீள ஆழத்தில், வேறிடத்தில்.

சனிக்கிழமை நாலு சுற்று. முப்பத்தைந்து குழி முடிந்தபோது சமம். கடைசிக் குழியில் ஸ்வான்ஸ்டன் ஐந்து முறை அடித்து முடித்தான். நினியன் மூன்றே முறை அடித்து, பந்தைக் குழிக்கு இரண்டடி தூரத்தில் நிறுத்தியிருந்தார். நாலாவது அடி உள்ளே போனால் வெற்றி. எப்பியின் தம்பி பேட்தான் மட்டைகளைச் சுமந்தான். நினியன் காதில் ஏதோ சொல்லிவிட்டு விலகினான். நானூறு பேரும் மூச்சை அடக்கினார்கள். நினியன் தட்டினார். பந்து குழிக்கு இடப்பக்கமாக ஒரு சாண் தாண்டி நின்றது.

நினியன் தலையை ஒருபக்கம் சாய்த்து நின்றார். அப்புறம் சிரித்தார். தொப்பியைத் தூக்கினார். குழியை நோக்கி நடந்தார். நடக்கும்போது குதிகால் பட்டுப் பந்து உருண்டது. அதற்குத் தண்டமாகக் கணக்கில் ஒரு அடி கூடும். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. குனிந்து குழிக்குள் கையை விட்டுத் துழாவினார். துழாவிக்கொண்டே இருந்தார். அதன்பின் அவர் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் மூக்கில் பொடி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பேட் வந்து அவர் தோளைத் தொட்டுப் பந்து கிடக்கும் இடத்தைக் காட்டினான். மறுபடி தட்டி உள்ளே போட்டார். மொத்தம் ஆறு. தோல்வி.

வியாழக்கிழமை பிற்பகல் நினியன் வீட்டுக்குப் போனேன். எப்பி கதவைத் திறந்தார்.

"வாங்க, பேப்பர்காரரே. மூட்டை கட்டிட்டோமான்னு பாக்க வந்தீங்களா? இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"கேக்க வந்தேன், எப்பி."

"கேக்கறதுக்குன்னு ஊர்ல நீங்க ஒருத்தராவது வந்தீங்களே."

நினியன் பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து, ஒரு மட்டைக்குப் பிடி சுற்றிக்கொண்டிருந்தார். விரல்கள் வேகமாக ஓடின. முகம் சுவரைப் பார்த்திருந்தது.

"நேராவே கேட்டுடறேன், நினியன். காசு வாங்கினீங்களா?"

"இருபது பவுண்டா? வாங்கியிருந்தா எப்பிக்குப் புகையாத அடுப்பா ஒண்ணு வாங்கியிருப்பேன். அப்படி ஒண்ணு தெரியுதா?"

"அப்ப ஏன் சிரிச்சீங்க?"

நூல் மட்டும் சுற்றிக்கொண்டே போயிற்று. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், பொடி டப்பாவை எடுத்தேன். கடைசிச் சிட்டிகை. போட்டுக்கொண்டு மூடியை அழுத்தினேன்.

டொக்.

நினியனின் தலை ஒருபக்கம் சாய்ந்தது. நூல் பிடித்திருந்த கை, அவரை அறியாமல், பாதி வழி தொப்பிக்கு எழுந்தது. அங்கேயே நின்றது.

வாசலில் நின்ற எப்பி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அன்னிக்கு," என்றார் நினியன் மெதுவாக, "எனக்கு இடப்பக்கம் நின்னுட்டிருந்தது நீங்கதானா?"

பந்து குழிக்குள் விழும்போதும் அதே சத்தம்தான்.

பிறகு எப்பிதான் சொன்னார். நினியன் பிடியைச் சுற்றி முடித்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்.

"மூணு வருஷமா இப்படி. நேரா பாத்தா ஒண்ணுமே இருக்காதாம். ஓரத்துல மட்டும் இருக்குமாம். என்னைப் பாக்கணும்னா ஜன்னலப் பாப்பான்."

"பெரிய அடியெல்லாம் எப்படி அடிக்கறார்?"

"அதுக்குக் கண்ணு எதுக்கு?" என்றார் நினியன். "முப்பது வருஷமா அடிக்கறேன். தோளுக்குத் தெரியும். பந்து போன இடத்தப் பேட் சொல்லுவான். குழிகிட்ட வந்தா கால் சொல்லும். எந்தக் குழியச் சுத்தி எங்க சரிவு, எங்க மேடுன்னு பாதத்துக்குத் தெரியும். ஆழமான குழின்னா விழற சத்தமும் நல்லா கேக்கும், ரெண்டு தடவை கேக்கும். ஒண்ணாவதுலேர்ந்து ரெண்டாவதுக்கு எட்டு வச்சு நடந்தா இருநூத்திப் பதினாலு. ஆறுலேர்ந்து ஏழுக்கு நூத்தி எழுபத்தஞ்சு. பனிமூட்டத்துல விட்டாலும் வீடு வந்துடுவேன். குழி அங்கேயே இருந்தாப் போதும்."

"அதனாலதான் வெட்டலையா?"

"ரெண்டு வருஷம் கால் படிச்சத ரெண்டே நாள்ல மறுபடி படிக்க முடியுமா, சொல்லுங்க."

நான் துள்ளி எழுந்தேன். இதையே எழுதுகிறேன், ஊர் வாயடைத்துப்போகும் என்றேன்.

எப்பி கதவை அடைத்து, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "எழுதுங்க. துரோகின்னா சனிக்கிழமை வெளிய போகணும். குருடன்னா திங்கட்கிழமை. கண்ணு தெரியாதவன்கிட்ட யாரு புல்வெளியக் குடுப்பா? கால் போனவன் கட்டில எங்க போட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நான்தான் அந்த இடத்தக் கூட்டினேன்."

துரோகமும் இல்லாமல், குருட்டுத்தனமும் இல்லாமல், இன்வர்கெல்லி மன்னிக்கக்கூடிய காரணம் ஒன்று வேண்டும். அது எனக்குத்தான் தோன்றியது. தோன்றியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

"குடிச்சிருந்தார்னு எழுதினா?"

எப்பி என்னைப் பார்த்தார். நினியன் ஜன்னலைப் பார்த்தார்; அதாவது எப்பியைப் பார்த்தார்.

"எங்கப்பா பேரக் காப்பாத்தின மாதிரி இருக்கும்," என்றார் கடைசியில். "எழுதுங்க. குடிகாரன யாரும் வீட்டவிட்டுத் துரத்தினதில்ல இந்த ஊர்ல. துரத்தினா ஊர்ல யாரு மிஞ்சுவா?"

கிளம்பும்போது கையை நீட்டினார். "ஒரு சிட்டிகை குடுங்க. அந்தச் சத்தத்துக்காகவாவது."

டப்பா காலி. "நாளைக்குக் கொண்டு வரேன்," என்றேன்.

"கணக்குல வச்சுக்கறேன்."

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் நாலாம் பக்கத்தில் எழுதினேன்: டோவி ஆட்டத்தை விற்கவில்லை, பந்தயத்துக்கு முன் அரை போத்தலை விழுங்கியிருந்தார், அவர் பார்த்த மூன்று குழிகளில் நடுக்குழியில்தான் பந்து விழுந்தது, அதற்குத்தான் சிரித்தார்.

ஊர் பெருமூச்சு விட்டது. மத்தியானத்துக்குள் நாலு பேர் அவர் வாயில் வாடையை முகர்ந்ததாகச் சத்தியம் செய்தார்கள். "நான் அப்பவே சொல்லலை? அது குடிச்ச சிரிப்பு," என்றான் ஜாப். துறைமுகத்தில் முன்பின் பேசாதவர்கள் எல்லாம் நினியனின் முதுகில் தட்டினார்கள். நாற்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக அவர் எங்களில் ஒருவராகிவிட்டார்.

சபை மட்டும் அன்று மாலையே விசாரணைக்குக் கூப்பிட்டது. போவதற்குமுன் பேட் அவருக்குப் பாடம் நடத்தினான்.

"விஸ்கின்னா தொண்டை எரியும் மச்சான். அப்புறம் வயிறு சூடாகும். அப்புறம் எல்லாரும் நல்லவங்களாத் தெரிவாங்க."

"அது எவ்வளவு நேரத்துக்கு?"

மூப்பர்கள் முன்னால் நினியன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காத குடிக்கு மன்னிப்புக் கேட்டார். கில்ரூத் முன்னால் சாய்ந்தார்.

"எந்தக் கடைல வாங்கினே?"

இந்தக் கேள்வியைப் பேட் சொல்லித்தரவில்லை. "எதிர்க்கரைல," என்றார் நினியன்.

கில்ரூத்துக்கு முகம் கறுத்தது. வெளியூர்க் கடையில் குடித்ததற்காகக் கூடுதலாக இரண்டு ஞாயிறு கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார்கள்.

கமிட்டி பெரிய மனது காட்டியது. "குடிகாரன்னாலும் நம்ம குடிகாரன்," என்றார் பண்ணையார். "வீடு இருக்கட்டும், வேலையும் இருக்கட்டும். ஆனா சோம்பேறித்தனம் இனிமே செல்லாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒன்பது குழியும் மூடி, வேற இடத்துல புதுசா வெட்டணும். எட்டு மணிக்குள்ள."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வெளியே ஜன்னலடியில் நின்றிருந்த நினியனிடம் ஓடிப்போய்க் கையைக் குலுக்கினேன். கை சில்லென்றிருந்தது.

"ஒன்பதுமா?" என்று கேட்டார். "வாரா வாரமா?"

"வீடு நிலைச்சுதே!"

"ஆமா," என்றார். "வீடு நிலைச்சுது." அப்புறம் பழைய குரலில், "என் சிட்டிகை எங்க?"

என் டப்பாவை வேறு கோட்டில் வைத்திருந்தேன்.

முதல் மூன்று திங்களும் பேட் கூடப் போனான். இவர் காலடிகளை எண்ணுவார், அவன் குழி காட்டுவான். ஒன்று படிந்துவருவதற்குள் அடுத்த திங்கள் வந்துவிடும். ஒருநாள் தெருவில் அவரைப் பார்த்தேன். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நூற்றுத் தொண்ணூற்று மூன்று, நூற்றுத் தொண்ணூற்று நாலு. நான் வணக்கம் சொல்லவில்லை. சொன்னால் எண்ணிக்கை தவறுமே என்று பேசாமல் ஒதுங்கினேன். அப்போது டப்பா என் சட்டைப்பையில் நிறைந்திருந்தது. அதை நீட்டினாலும் எண்ணிக்கை தவறும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நாலாவது வாரம் பேட்டின் படகு மீனைத் துரத்திக்கொண்டு தெற்கே போயிற்று. திங்கட்கிழமை காலை கடல்மூட்டம் இறங்கியிருந்தது. தேவாலய மணிகூட ஈரத்துணிக்குள்ளிருந்து அடிப்பதுபோல் கேட்டது. எப்பி கதவருகே நின்று, இன்றைக்கு வேண்டாம் என்றாராம். பண்ணையார் விருந்தாளிகளோடு எட்டு மணிக்கு வருகிறார் என்று நினியன் சொன்னாராம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதல் காலடியிலிருந்து எண்ணத் தொடங்கினார். முப்பது வரை எப்பிக்குக் கேட்டது.

எட்டு மணிக்குப் பண்ணையார் ஆடத் தொடங்கினார். ஆறு குழிகள் வெட்டியிருந்தன. விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல் சுத்தம். பழையவை எல்லாம் மூடி மிதித்திருந்தன. "குடிய விட்டதும் வேலை எப்படி இருக்கு பாருங்க," என்று அவர் விருந்தாளிகளிடம் சொன்னாராம். ஏழாவதில் குழி இல்லை. மண்வெட்டி புல்லில் நேராகக் குத்தி நின்றது. அதற்கு அப்பால் இருபது காலடி தூரத்தில், நேற்றுவரை புல் இருந்த இடத்தில் புல் இல்லை. கீழே அலை மட்டும்.

பதினோரு நாள் படகுகள் தேடின. கடல் ஒன்றும் திருப்பித் தரவில்லை.

"குடிதான்," என்றான் ஜாப், சவரக்கத்தியைத் தோலில் தீட்டிக்கொண்டே. "விட்டேன் விட்டேன்பானுங்க, விடமாட்டானுங்க. அதான் பேப்பர்லயே வந்துச்சே." மூப்பர் கில்ரூத் ஜெபத்தில் சொன்னார், பேர் சொல்லாமல்.

எப்பியை மே பதினைந்து வரை இருக்கச் சொன்னார் பண்ணையார். அந்த நாளும் வந்தது. புதுக் காவலரின் வண்டி வாசலில் நின்றது. இளைஞர், நல்ல கண்கள். எப்பி டண்டீ நகரத்துச் சணல் ஆலையில் வேலைக்குப் புறப்பட்டார். நான் மூட்டையைத் தூக்கிவைக்க உதவினேன்.

"இனிமே எழுதுங்க," என்றார். "வீடு போயாச்சு. மறைச்சுவைக்க ஒண்ணுமில்ல. அவன் குடிக்கல. காசு வாங்கல. அத மட்டும் எழுதுங்க."

"எழுதறேன்."

"அந்த அடுப்பு இப்பவும் புகையுது. அந்தப் பையன்கிட்ட சொல்லிடுங்க." வண்டியில் ஏறி உட்கார்ந்தபின் திரும்பினார். "அவன் சிட்டிகை ஒண்ணு உங்ககிட்ட நிக்குது, தெரியுமில்ல? கடைசி வாரம்கூடச் சொன்னான்."

டப்பாவை எடுத்தேன். நிறைய இருந்தது. மூடியைத் திறந்து நீட்டினேன்.

"எங்கிட்ட எதுக்கு நீட்டறீங்க? நான் பொடி போடறதில்ல," என்றார். "கேட்டவன்கிட்ட குடுங்க."

வண்டி போயிற்று. ஏழாம் குழியை முப்பது கஜம் உள்ளே தள்ளிவைத்துவிட்டார்கள். அதைத் தாண்டி அந்த மேட்டு விளிம்புவரை இதற்குள் மூன்று தடவை போய், ஒரு சிட்டிகை எடுத்துக் கீழே போட்டுப் பார்த்தேன். அங்கே காற்று எப்போதும் கடலிலிருந்துதான் அடிக்கிறது. மூன்று தடவையும் பொடி என் கோட்டிலேயே வந்து ஒட்டிக்கொண்டது.